ஏழாம் நம்பர் மதகில் பெரட்டு

ஜெராமிலிருந்து கடலுக்குப் போகும் செம்மண் பாதை
பண்டில் முட்டி நின்றுவிடும்.
இந்தப் பக்கம் செம்பனை.
அந்தப் பக்கம் பாக்காவ் காடு, காட்டுக்கப்பால் சேறு,
சேற்றுக்கப்பால் தண்ணீரா வானமா என்று
காலை ஏழு மணிக்கு யாராலும் சொல்ல முடியாது.

நடுவில் நான்.
ஓர் இரும்புச் சக்கரம், துருவேறிய சங்கிலி,
அலை அட்டவணை ஒட்டிய தகரக் கதவு.
ஏற்றத்தில் மூடு, வற்றத்தில் திற.
பதினாறு வருடமாக இதே வேலை.
ஆபிசில் ஆயிரம் துவான்கள் மாறினார்கள்.
எனக்கு மண்டோர் நிலவுதான்.

மதகுக்குப் பின்னால் இறால் வளர்த்துத் தோற்ற குளம்.
தவுக்கே கடனோடு போய்விட்டார்.
குளம் போகவில்லை, கணுக்கால் ஆழத்தில் தங்கிக்கொண்டது.
ஏற்றம் வந்து சேறு முழுகினால்
பறவைகளுக்கு நிற்க வேறு இடமில்லை.
அலை தின்று தின்று பாக்காவும் பின்வாங்குகிறது,
இந்த வாரம் மட்டும் மூன்று மரம் சாய்ந்தது.
சைபீரியாவிலிருந்து வருகின்றன என்கிறாள்
வனவிலங்கு இலாகா ரொஸ்னா.
அது எங்கே என்று எனக்குத் தெரியாது.
அவ்வளவு தூரம் வந்தவை
என் குளத்தில் ஒற்றைக்காலில் தூங்குவது தெரியும்.

போன மாதம் நாலு பேர் வந்தார்கள். புது பூட்ஸ்.
குளத்தை மண் போட்டு மூடி
கண்டெய்னர் அடுக்கப் போகிறார்களாம்.
அதற்கு முன்னால் ஓர் ஆய்வு.
வந்தது வற்றத்தில், பதினோரு மணி வெயிலில்.
எல்லாம் வெளியே சேற்றில் இரை பொறுக்கப் போயிருந்த நேரம்.
பாரத்தில் எழுதினார்கள்: பறவைகள், இல்லை.

வேலைக்குப் போனவள் வீட்டில் இல்லையென்றால்
அந்த வீட்டில் ஆளே இல்லை என்று எழுதுவார்களா?

அன்று சாயந்திரம் ஆபிசிலிருந்து
ஒரு பழைய செக்ரோல் புத்தகத்தைக் கேட்காமலே எடுத்து வந்தேன்.
ஏற்றம் ஆறு நாற்பதுக்கு.
பெரட்டு எடுத்தேன்.

பவளக்காலி நூற்றுப் பன்னிரண்டு, சத்தம் தாங்கவில்லை.
உப்புக்கொத்தி நின்ற இடத்தில் நிற்காது,
மூன்று முறை எண்ணி மூன்று கணக்கு வந்தது,
நடுக்கணக்கை எழுதினேன், முந்நூற்று எட்டு.
வளைந்த மூக்குக்காரன் பத்தொன்பது. பெயர் ரொஸ்னாவிடம் கேட்கணும்.
ஆலா அறுபது.
கொக்கை முதலில் எழுதவில்லை, அது எங்கேயும் இருக்கும்.
பிறகு மனசு கேட்காமல் எழுதினேன். ஏழு.
ஓர் உள்ளானின் காலில் மஞ்சள் கொடி,
எண்ணைப் படிப்பதற்குள் பறந்துவிட்டது.
பெருநாரை ஒன்றே ஒன்று.
வழுக்கைத் தலை, கூன் முதுகு, யாரோடும் ஒட்டாமல்
இபிஎப் பணம் இன்னும் வராத ஆள் மாதிரி.

மாதக் கடைசியில் கிராணி தினகரனிடமிருந்து போன்.
"பூவாயிக்கா, செக்ரோலில ஐந்நூறு பேரை ஏத்தியிருக்கீங்க.
யாருக்குச் சம்பளம் போடுறது?"
"சம்பளம் வேணாம் தம்பி. நிக்க இடம் போதும்."
சிரித்தான்.
பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு
எத்தனை காப்பி வேணும் என்று கேட்டான்.

அதோடு முடிந்துவிடவில்லை.
இடையில் ஓர் இரவு கொட்டு கொட்டென்று மழை,
செம்பனை இடுப்பளவு தண்ணீரில்.
துவான் ஹஸ்லான் குளத்தையும் சேர்த்து வடிக்கச் சொன்னார்.
தூணில் நான் இழுத்த சிவப்புக் கோடு வரை வடித்தேன்.
அதற்குக் கீழே சக்கரம் சுற்றவில்லை என்று சொன்னேன்.
சுற்றும்.

மறு ஆய்வு இன்றைக்கு.
மணியை ரொஸ்னா என்னிடம் கேட்டாள்.
அட்டவணையில் மாதத்திலேயே உயர்ந்த ஏற்றத்தைத் தேடி
வட்டம் போட்டுக் கொடுத்தேன்.
பூட்ஸ் நனையும். நனையட்டும்.

மதகை மூடியாயிற்று. பேனாவைக் கயிற்றில் கட்டியாயிற்று.
பாக்காவுக்கு மேலே ஒரு கறுப்புத் துணி
உதறுவது போல் திரும்புகிறது, இறங்கவில்லை, மறுபடி திரும்புகிறது.
செம்பனைக்குள் கார் வெளிச்சம் இன்னும் தெரியவில்லை.
தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு
இரண்டு விரல் கீழே.