சா.பொ. 3

மகஜரில் இப்படித்தான் இருக்கிறது:
மூங்கில் வில் ஒன்று, நாணேற்றிய நிலையில்,
நுனிக்கு நுனி நூற்று முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
அம்பு மூன்று, ஒன்றில் உலர்ந்த கறை.
கேளையாட்டுத் தோல், உப்பிட்டது.
எதிரி பெயர் கேளு, எருமாடு.

கூடலூர் கோர்ட்டில் சொத்தறைச் சாவி என்னிடம்.
வெட்டரிவாள், சாராய கேன்,
மூக்கு நசுங்கிய ஸ்கூட்டர்
எல்லாவற்றுக்கும் அட்டை கட்டி அரக்கு வைப்பவள் நான்.
வில்லுக்கு மட்டும் இடம் இல்லை.
பீரோவின் தலையில் படுக்கப் போட்டேன்.
வெளியே ஆடி மழை,
உள்ளே சுவரெல்லாம் வியர்வை.

முதல் வாய்தாவுக்கு வந்தவன்
அடுத்த தேதியைக்கூடக் கேட்கவில்லை.
ஜன்னல் கம்பியோரம் நின்று
"அவிழ்த்தீங்களா அம்மா?" என்றான்.
எதை?
"நாணை.
ராப்பூரா நிக்க வெச்ச ஆள் மாதிரி இருக்கும் அது.
இறக்கி விடலேன்னா
வளைஞ்சது வளைஞ்சபடியே போயிடும்."
சான்றைத் தொடக் கூடாது என்றேன்.
தலையாட்டினான், அவன் வழக்கத்திலும்
அப்படி ஏதோ ஒன்று இருப்பது போல.

பெயர் அப்படி.
டபேதார் வாசலில் நின்று
கேளு, கேளு, கேளு என மூன்று முறை கூவினால்
வராந்தாவில் அத்தனை பேரும்
ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள்.

மூன்றாம் வாய்தாவில் கரண்ட் இல்லை.
நீதிபதி அறைக்குள் போய்விட்டார்.
இருட்டில் அவன் பாட்டுக்குச் சொன்னான்:
அத்திப்பழம் உதிர்கிற மரம்,
காப்பித் தோட்டத்து வேலிக்கு இந்தப் பக்கம்.
பழம் விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தானாம்.
பதினொன்றாவது விழவில்லை.
மென்றது.
காற்று அவன் முகத்துக்கு வந்ததால்
அவன் அதற்கு இல்லை.
அம்பு போன பிறகு ஒரே ஒரு குரைப்பு,
நாற்பது அடி ஓட்டம், புதர்.
வெடிச்சத்தம் கேட்டிருந்தால் காவலர்
ஜீப்புக்கு ஓடியிருப்பார்.
ஒன்றும் கேட்காததால்
பீடி பற்றவைக்க அதே மரத்தடிக்கு வந்தார்.
சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.
கறி ஐந்தே கால் கிலோ.
மகஜரில் அதுவும் உண்டு.

அன்று மாலை எல்லோரும் போன பின்
ஸ்டூல் போட்டு வில்லை இறக்கினேன்.
நாணில் விரல் வைத்தேன், அசையவில்லை.
முழங்காலை வைத்தேன், புடவை கிழிந்தது.
உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு.
வீட்டில் கேட்டார்கள். கதவு என்றேன்.

வக்கீல் போஜன் தெளிவாகச் சொல்லியிருந்தார்:
என்னுடையது இல்லை என்று சொல்.
மூன்றே சொல். பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன்.
வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தான்.
கூண்டில் ஏறும்போதும் உதடு அசைந்தது.

ஐப்பசியில் விசாரணை.
அரக்கை உடைத்து வில்லை நீட்டினேன்.
"இது யாருடையது?"
அவன் வாங்கினான்.
கீழ்நுனியைப் பாதத்தில் ஊன்றி
வயிற்றில் முழங்காலைக் கொடுத்து
கட்டைவிரலால் நாணை
ஒரு தள்ளு.
நெட்டி முறித்தது வில்.
கடைசி பெஞ்சுவரை கேட்டது.

போஜன் கோட்டுக் கையால் முகம் துடைத்தார்.
தட்டச்சர் கேட்டாள், என்ன அடிப்பது?
நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, மாட்டி,
"சா.பொ. மூன்றை
எதிரி அடையாளம் காட்டினார்" என்றார்.

தீர்ப்பு கோப்பில் இருக்கிறது,
அபராத ரசீதும்.
தோலை வண்டு தின்றுவிட்டது.

திரும்ப அளந்தேன். நூற்று நாற்பத்து நான்கு.
பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினேன்:
மகஜரில் கண்டதைவிட ஆறு சென்டிமீட்டர் கூடுதல்.
காரணம் என்ற கட்டத்தை விட்டுவிட்டேன்.

இப்போது பீரோவின் தலையில் அது கொள்ளவில்லை.
வெளியே நீட்டிய நுனியில்
டபேதார் தினமும் இடித்துக்கொள்கிறார்.