எந்தப் பேருந்தில் போனாள்

தண்டையார்பேட்டை மாடி அச்சகத்தில்
நாவல் ஒன்றுக்குப் பிழை பார்க்கிறேன்.
பக்கத்துக்கு எட்டு ரூபாய்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
அக்கா தன் தம்பியைக் காட்டிக்கொடுக்கிறாள்.
பத்தே வரி.
‘எழுந்தாள். முந்தானையை உதறினாள்.
காவல் நிலையம் நோக்கி விரைந்தாள்.’
ஓர் ஒற்று விட்டிருந்தது, போட்டேன்.
ஓரத்தில் பென்சிலால் கேட்டேன்:
எந்தப் பேருந்தில் போனாள்?

மறுநாள் ஆசிரியரின் பதில் வந்தது.
‘தேவையில்லை. வேகம் குறையும்.’

எனக்குத் தேவை இருக்கிறது ஐயா.

செவ்வாய் விடியலில், மூன்றேமுக்காலுக்கு,
டிரெய்லரை எர்ணாவூர்ப் பக்கம் நிறுத்திவிட்டு
நடந்தே வீட்டுக்கு வந்தான் தேவசித்தம்.
‘நாய்தான்க்கா’ என்றான்.
நாய் டிபன் கேரியர் கொண்டுபோகாது.
பம்பரில் மாட்டியிருந்ததை
அவனேதான் பிடுங்கி எடுத்துவந்திருந்தான்.
மூன்றடுக்கு. நடு அடுக்கில்
எலுமிச்சைச் சாதம் சிந்தாமல் இருந்தது.
ஏன் எடுத்துவந்தான் என்று
அவனுக்கே தெரியவில்லை.
அம்மா அதைக் கழுவிக் கவிழ்த்தாள்.
காயும்வரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை
விம்கோ நகர்த் தூணில் கண்ணீர் அஞ்சலி.
வேதகிரி, வயது நாற்பத்தேழு.
‘வேதகரி’ என்று அடித்திருந்தார்கள்,
சுழியை விட்டுவிட்டு.
எங்கள் அச்சகத்து வேலைதான்.
அன்று நான் லீவு.

அவன் பெண்டாட்டி
கன்டெய்னர் வரிசையில் லாரி லாரியாக நிற்கிறாள்.
துறைமுகம் வரைக்கும் நீளும் வரிசை.
கண்ணாடியைத் தட்டிக் கேட்கிறாளாம்:
‘ஆள இட்சது யாருன்னு கூட வேணாண்ணா,
கேரியர் கெட்ச்சா குடுங்க,
மூடில என் பேரு வெட்டிருக்கும்.’
இதைச் சொன்னவனும் தேவசித்தம்தான்.
அவன் கண்ணாடியையும் தட்டியிருக்கிறாள்.

நான் பன்னிரண்டாவது முடிக்க
அவன் எட்டாவதை விட்டான்.
மணலி யார்டில் லாரி கழுவினான்.
எனக்குத் தெரிந்த ஒற்று, சந்தி, றகர ரகரம் எல்லாம்
அவன் நகக்கண்ணில் இருந்த கிரீஸ்.
‘உட்டுடுக்கா. ரெண்டு கொயந்தைங்க’ என்கிறான்.
ழகரம் வரவே வராது அவனுக்கு.
ஊரார் பிழையெல்லாம் திருத்துகிறவள்
அதை மட்டும் ஒருநாளும் திருத்தியதில்லை.

அம்மா நேற்றிரவு வழி கண்டுபிடித்தாள்:
‘பாத்திரத்த குடுத்துட்டு வந்துடு.
ரோட்ல கெடந்துச்சுன்னு சொல்லு.’
நல்ல வாக்கியம்.
எங்கே பிழை என்று விரல் வைக்க முடியாது.

இன்று காலை ஐம்பத்தாறில் ஏறினேன்.
இடுப்பில் கேரியர்.
பள்ளத்துக்குப் பள்ளம் அடுக்குகள் பேசிக்கொண்டன.
நடத்துனர் சீட்டுக் கிழித்துத் தந்தார்:
மகளிர். கட்டணமில்லை.
சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அஜாக்ஸில் இறங்கினால் அவள் வீடு.
அதற்கடுத்த நிறுத்தம் ஸ்டேஷன்.

அஜாக்ஸ் வந்தது.
மூன்று பேர் இறங்கினார்கள்.
ஒரு மீன் கூடை ஏறியது.
மூடியைத் தடவிப் பார்த்தேன்.
வே. சுகுணா.
புள்ளிக் குத்து ஒவ்வொன்றும் விரலில் நெருடியது.
எந்தப் பாத்திரக் கடைக்காரனோ,
ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.
விசில் ஊதிவிட்டார்கள்.

ஆசிரியரே, எழுதிக்கொள்ளுங்கள்:
ஐம்பத்தாறு.
கூட்டம்.
உட்கார இடமில்லை, நின்றுகொண்டுதான் போனாள்.
வழியெல்லாம்
தம்பியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.