முப்பதில் ஒன்று

நாள் தள்ளிப்போனபோது
நிற்கிற வயதுதானே என்றிருந்துவிட்டேன்.
நாற்பத்து நான்கு.
சியாத்துராவில் என் வயதுக்காரிகள்
மூட்டுவலிக்குத்தான் டாக்டரிடம் போவார்கள்.

குத்தாய்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் லமாரா
மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அது சுத்தமாகத்தான் இருந்தது.
"இந்த வயதில்..." என்று ஆரம்பித்து
ஒரு தாளின் பின்பக்கம் எழுதினார்:
ரத்த அழுத்தம். சர்க்கரை.
நஞ்சுக்கொடி வாசலை அடைத்துக்கொள்வது.
குறைமாதம். கத்தி.
கடைசியில் குரோமோசோம், முப்பதில் ஒன்று.
அதற்கு மட்டும் ஒரு வட்டம்.

எனக்குக் கணக்கு தெரியாது என்று நினைத்திருப்பார்.
பத்தொன்பது வருடமாக
பள்ளத்தாக்கின் குறுக்கே ரோப்கார் ஓட்டுகிறேன்.
பெட்டிக்கு எத்தனை ஆள், எத்தனை கிலோ,
காற்று எவ்வளவு அடித்தால் நிறுத்துவது,
என் பிழைப்பே எண்தான்.
அன்று மாலை ஏறியவர்களை எண்ணினேன்.
முப்பதாவது ஆள்
ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிய ஒரு பையன்.
முனையைப் பிய்த்து ஏற்கெனவே தின்றிருந்தான்.
மறுநாள் இருபத்தாறோடு நின்றுவிட்டது. மழை.

என் மகள் தெக்லேவும் அப்போது முழுகாமல் இருந்தாள்.
இருபத்து மூன்று அவளுக்கு.
தாயும் மகளும் ஒரே நேரத்தில் வாயும் வயிறுமாக.
கீழ்வீட்டு நூனு படியில் நின்று
எங்களுக்காக விரல் மடக்கினாள்.
எனக்குத்தான் கூசியது.
சுரங்கத்திலிருந்து கருத்த முகத்தோடு வந்த ஒத்தார்
"மாமனைவிட மருமகன் ஒன்பது நாள் மூத்தவன்" என்று
மூன்று நாள் அதையே சொல்லிச் சிரித்தார்.

பச்சைப் பிளம் ஊறிய ஒரே ஜாடி,
இரண்டு கரண்டி.

மினிவேனில் சேர்ந்து போய்
ஒரே பெஞ்சில் உட்காருவோம்.
அவளுடைய கோப்பு இரண்டே தாள்.
என்னுடையது செங்கல்.
அவளை ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள்:
"சின்ன வயசு. நன்றாகச் சாப்பிடு, போ."
எனக்காக அவள் வெளியே காத்திருப்பாள்,
என் கோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு.

பதினோராம் வாரம்
அவளுக்குத்தான் கலைந்தது.

எதனால் என்று சொல்ல முடியாது,
பலருக்கும் நடப்பதுதான் என்றார் லமாரா.
இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை.
அவளுக்கு யாரும்
எந்த எண்ணும் எழுதித் தந்திருக்கவில்லை.

அதன்பின் வீட்டுக்குள்
வயிற்றை மறைத்துக்கொண்டு நடந்தேன்.
திருடியதைச் சட்டைக்குள் வைத்திருப்பவள் மாதிரி.
அது ஒவ்வொரு வாரமும் பெரிதானது.
பதினாறாம் வாரம் நீரெடுக்க ஊசி குத்தினார்கள்.
முடிவு வந்த உறையை
மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.
தெக்லே எடுத்துப் படித்துவிட்டு
"எல்லாம் சரியாம்" என்று சொல்லி
உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள்.
ஜாடி அலமாரியிலேயே பூத்துப்போனது.

முப்பத்து நான்காம் வாரம்
கால் வீங்கி, கண்ணில் பூச்சி பறந்தது.
நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து.
தாளில் எழுதியிருந்தவற்றில் மூன்று
ஒரே ராத்திரியில் வந்து நின்றன.
ஒத்தார் சுரங்கத்துக்குள் இருந்தார்.
கையெழுத்து யார் போடுவது என்று கேட்டபோது
தெக்லே பேனாவை வாங்கினாள்.
உறவு என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் நின்றது அவள் கை.

ஒரு கிலோ தொள்ளாயிரம். பையன்.
இரண்டாம் நாள் சக்கர நாற்காலியில்
என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.
கண்ணாடிப் பெட்டியின் வட்ட ஓட்டைக்குள்
முழங்கைவரை விட்டிருந்தாள் தெக்லே.
அவள் சுண்டுவிரல் அவன் பிடியில்.
நான் இன்னும் அவனைத் தொட்டிருக்கவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள்.
ஏதாவது சொல்லவேண்டும்.
எட்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

"கையைக் கழுவினாயா?" என்றேன்.
"கழுவினேன்" என்றாள்.
கையை எடுக்கவில்லை.