பச்சைப் பென்சிலுக்கு

கடைசி நிறுத்தத்தில் எனக்குப் பதினோரு நிமிடம்.
வண்டி வளைந்து நிற்கும்,
ஆளில்லாத இருக்கைகளுக்காக
ஹீட்டர் முனகிக்கொண்டிருக்கும்.
தெர்மாஸ் மூடியில் தேநீர்,
விசைப்பலகை மேல் நூலகத்துப் புத்தகம்.
பிர்னோவில் டிராமை ஷலினா என்போம்.
வேற்றுக் கிரகத்து ராணியின் பெயர்போல இருக்கிறதா?
இருக்கட்டும்.
அந்த ராணிக்கும் பிரேக் கட்டை தேயும்.

இந்தப் புத்தகங்களை
எனக்கு முன்னால் படித்தவர் நீங்கள்.
முகம் தெரியாது, பச்சைப் பென்சில் தெரியும்.
ஓரத்தில் ‘பொய்’ என்று எழுதுவீர்கள்,
‘அபாரம்’ என்று எழுதுவீர்கள்,
ஒருமுறை நாற்பதாம் பக்கத்திலேயே
‘இவன்தான் துரோகி’ என்று எழுதி
என் ஒரு வாரத்தைக் கெடுத்தீர்கள்.
அதற்கு மட்டும் மன்னிப்பு கிடையாது.

நூலகத்து ஹெட்விகா சந்தேகப்பட்டது என்னை.
பையைக் கவிழ்த்துக் காட்டினேன்:
சாவிக்கொத்து, கையுறை, நீலப் பேனா.

சரி, நேராகவே பேசுவோம்.
நீங்கள் டிராகன் பிரியர். நான் இல்லை.
எழுநூறு பக்கம் பறக்கிறது,
ஒரு பக்கத்திலாவது சாணம் போட்டதா?
நாளைக்கு எத்தனை ஆடு தின்னும்,
ஆட்டுக்காரனுக்கு யார் காசு கொடுப்பது?
பிறக்கும் முன்பே ஏடுகளில் எழுதிவைத்தபடி
அரியணை ஏறும் பையன்களும் வேண்டாம்.
எங்கள் டிப்போவில் யார் வருகையையும்
எந்த ஏடும் சொல்லவில்லை.
பரீட்சை வைத்தார்கள். நான் ஒருமுறை தோற்றேன்.

ஆனால் முதல் பக்கத்து வரைபடம் பிடிக்கும்.
வடகிழக்கு மூலையில் ஒரு குளம், பெயரோடு.
அதற்காகவே ஐந்து பாகம் காத்திருந்தேன்.
தண்ணீர் குடிக்கக்கூட ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை.

விண்கலக் கதையென்றால்
ஏதாவது பழுதாகும்போதுதான் நிமிர்ந்து உட்காருவேன்.
ஒன்றில், புறப்பட்டவர்கள் செத்துப்போனார்கள்,
போய்ச் சேரப்போகிறவர்கள் இன்னும் பிறக்கவில்லை,
நடுவில் பிறந்தவர்கள்
குழாய்களைத் துடைத்துக்கொண்டே கிழவர்களாகிறார்கள்.
அந்தப் புத்தகத்தில் உங்கள் பென்சில்
ஓரிடத்தில்கூடப் படவில்லை.
எனக்கும் எழுத ஒன்றும் தோன்றவில்லை.
லீஷெனுக்கும் ரயிலடிக்கும் நடுவே
எனக்குப் பத்தொன்பது வருடம்.

அக்டோபரில்தான் சண்டை.
கலம் தரையிறங்குகிறது, பாசியில் வழுக்குகிறது,
வழுக்கிக்கொண்டே போய்ப் பாறையில் மோதுகிறது.
நீங்கள் கணக்குப் போட்டிருந்தீர்கள்,
அம்புக்குறி, வர்க்கமூலம்,
அடியில் இரட்டைக் கோடு:
‘இவ்வளவு தூரம் வழுக்காது. பொய்.’

அன்று காலைதான்
லிண்டன் மரச் சருகு தண்டவாளத்தில் அரைபட்டுக் கூழாகி,
மணலைக் கொட்டியும் மணியை அடித்தும்
என் வண்டி நிறுத்தத்தைத் தாண்டி
இருபது மீட்டர் போய் நின்றது.
தள்ளுவண்டியில் குழந்தையை வைத்திருந்த ஒருத்தி
கடக்கக் காலெடுத்தவள்
காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு
என்னையே பார்த்தாள்.
கை நடுக்கம் அடங்குமுன் எழுதினேன், நீலத்தில்:
‘ஈரச் சருகின்மேல் ஓட்டிப் பார்த்ததுண்டா?’

திருப்பிக் கொடுத்தபிறகு வெட்கமாயிருந்தது.
ஊர்ச்சொத்தில் பேனாவால் கிறுக்கும் வயதா?

பிப்ரவரியில் அடுத்த பாகம் தேடும்போது
அதே புத்தகம் அலமாரியில்.
‘பொய்’ அழிக்கப்பட்டிருந்தது,
ரப்பர் துகள் இன்னும் மடிப்புக்குள்.
கணக்கை மட்டும் விட்டுவைத்திருந்தீர்கள்.
என் வரிக்குக் கீழே, பொடி எழுத்தில்:
‘இல்லை. யாருக்காவது அடிபட்டதா?’

பேனாவின் மூடியைக் கழற்றினேன்.
நிமிர்ந்தால் ஹெட்விகா.

அதனால்தான் இந்தத் துண்டுத்தாள்.
ஆறாம் பாகத்தில் வைக்கிறேன், நாற்பதாம் பக்கத்தில்.
யாருக்கும் அடிபடவில்லை.
அந்தக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.
டிராகன் விஷயத்தில்
என் கருத்து மாறவில்லை.