மூணாறு தலைப்பு

ஒன்பது புள்ளிகளைப் பார்க்கச் சொன்னாள்
கூத்தாநல்லூரிலிருந்து வந்த ஷமீமா.
தலையை ஆட்டாமல், கண்ணால் மட்டும்.
ஆட்ட முடிந்தால் இந்தப் பெட்டி எதற்கு
என்று நான் கேட்கவில்லை.
எட்டுப் புள்ளி பச்சையாயிற்று.
இடது கீழ் மூலை மட்டும் ஒத்துவரவில்லை.
அங்கேதான் 'ழ' இருந்தது.
ஒரு வாரம் எங்கள் வீட்டில்
மலை பெய்தது.

முப்பத்தொரு வருஷம் லஸ்கர்.
வெண்ணாறு வந்து மூன்றாகப் பிரியும் இடத்தில்
சக்கரம் சுற்றிப் பலகை தூக்கிய தோள்.
இப்போது ஓர் எழுத்துக்கு
ஒரு விநாடி உற்றுப் பார்க்க வேண்டும்.
முன்னால் நகர்ந்தால் விழாது,
கூட நின்றால் இரண்டு விழும்.
'பலைய சட்டர் மாதிரிதான்'
என்று எழுதி முடித்தார்.
அதற்குள் என் காபி ஆடை கட்டிவிட்டது.

ஆனி பிறந்து ஒரு மத்தியானம்
'த'வைப் பார்த்தார்.
மீதியைப் பெட்டியே யூகித்தது:
தண்ணீர் வேண்டும்.
எந்த ஊர்க்காரனோ ஒருவன்
உள்ளிருந்து உரக்கப் படித்தான்.
புரையேறாமல் இருக்க மாவு கலந்த தண்ணீரை
ஸ்பூனில் கொண்டுபோனேன்.
வாய் திறக்கவில்லை.
தண்ணீர் வேண்டும்.
மறுபடி ஸ்பூன்.
தண்ணீர் வேண்டும்.
கத்திவிட்டேன்.
பக்கிரிசாமி கண்ணை மூடிக்கொண்டார்.
இறக்கிவிட அவரிடம் மிச்சமிருப்பது
அந்த இரண்டு பலகைதான்.

விளக்கேற்றிவிட்டு வந்து பார்த்தால்
யூகங்களையெல்லாம் தள்ளிவிட்டு
எழுத்தெழுத்தாக இறக்கி வைத்திருந்தார்:
தண்ணி தலைப்புக்கு வந்துடுச்சா

இப்போதிருக்கும் பையனுக்குப் போன் போட்டேன்.
கோரையாற்றில் முழங்கால் அளவு,
நுரையும் ஆகாயத்தாமரையுமாய் என்றான்.
சொன்னேன்.
ரொம்ப நேரம் திரையில் ஒன்றுமில்லை.
பிறகு:
பாமணிக்கு?

அதற்கு இன்னொரு போன்.

பகலெல்லாம் பார்த்தது அத்தனையும்
அமுங்கிவிடுகிறது அவருக்கு.
சும்மா பார்க்க
அந்தத் திரையில் ஓர் இடமில்லை.
பத்து மணிக்கு அணைத்துவிடுகிறேன்.
கொசுவலையைப் பார்க்கிறார்,
என்னைப் பார்க்கிறார்,
ட்யூப்லைட் ஓரத்துப் பல்லியைப் பார்க்கிறார்,
ஒரு விநாடிக்கு மேலேயே.
பல்லி அதுபாட்டுக்கு இருக்கிறது.