மூன்றாம் தண்ணீர்

தூன் நகரில் ஜனவரி.
குசினி யன்னலுக்கு வெளியே
ஆரே ஆறு யாரையும் கேட்காமல் பச்சையாய்ப் போகிறது.
உள்ளே என் கையில் நுஸ்லி இலை.

பிடி பிடியாகத்தான் வரும் அது,
வேரடியில் ஒரு சிட்டிகை மண்ணை
மடியில் முடிந்த சில்லறைபோல் ஒளித்துக்கொண்டு.

முதல் தண்ணீர் மண்ணுக்கு.
இரண்டாவது, மண்ணென்று தெரியாத மண்ணுக்கு.
மூன்றாவது
இனி ஒன்றும் இல்லை என்று
கண்ணால் பார்ப்பதற்கு.

சுவரில் அட்டவணை. தண்ணீருக்கு ஒரு கட்டம்,
கட்டத்துக்கு ஒரு கையெழுத்து.
நான் ‘கு’ என்று மட்டும் போடுவேன்.
நவம்பரில் வந்த சுகாதாரப் பரிசோதகர்
வெட்டுப்பலகையைப் பஞ்சால் துடைத்துக் குப்பிக்குள் போட்டார்,
குளிரூட்டிக்குள் வெப்பமானியோடு தலையை விட்டார்,
கடைசியில் அட்டவணையில் விரல் வைத்தார்:
இது என்ன, கொக்கியா?
எழுத்து, என்றேன்.
என் பெயர் அதில்தான் தொடங்குகிறது.
நான்கு பாகை, சரி, என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இன்று சனிக்கிழமை. அறுபத்திரண்டு பேர்.
எட்டுக்கு நுஸ்லி! பதினொன்றுக்கு இரண்டு நுஸ்லி!
ரெட்டோவின் குரல் சட்டியை விடச் சூடு.
தொட்டியில் இரண்டாம் தண்ணீர் இன்னும் வடியவில்லை.
நான் மூன்றாம் கட்டத்திலும்
‘கு’ போட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது.
ஒரு பொட்டு மண்ணை இலையில் மறைக்கலாம்.
மேலே அவித்த முட்டையைத் துருவிவிட்டால் போதும்.

மிலேனா தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
எட்டாம் மேசைப் பெண் கேட்டாளாம்,
இலை நன்றாகக் கழுவியதா என்று.
ஐந்து மாதம். பச்சையாய் எதையும் தொடாதே என்று டாக்டர் சொன்னாராம்,
ஆனால் ஆசையாம்.
ஓம் என்று சொல்லிவிட்டேன், என்றாள்.
சொல்லிவிட்டு
வெற்றுக் கையைத் துடைத்தாள். தட்டு போய்விட்டது.

ஏழு வருடம் அந்தக் கதவை நான் தாண்டியதில்லை.
அப்பால் மெழுகுதிரி, மெல்லிய பேச்சு,
என் ஈரச் சப்பாத்தின் சத்தம்.
முள்ளுக்கரண்டி அவள் வாய்க்குப் பாதி வழியில்.

என் ஜெர்மன் குசினி ஜெர்மன்.
சூடு. கத்தி. பின்னால் வருகிறேன்.
அதில் தேடி எடுத்து ஒரு சொல் சொன்னேன்:
கவனம்.
தட்டை எடுத்தேன்.

கணவன் பாதி எழுந்தான்.
அவள் என் விரல் வெடிப்புகளைப் பார்த்தாள்.
சூப் இருக்கிறதா, என்று கேட்டாள்.

ரெட்டோ சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.
மிச்ச இலைக்கு மூன்றாம் தண்ணீர் விட்டேன்,
இலையை அள்ளி எடுத்து
தொட்டியின் அடியைப் பார்த்தேன்.
உருக்கின் வெள்ளையில் நாலைந்து துகள்.
விரலால் ஒற்றி எடுத்தேன், நறநறத்தது.

பதினொன்றாம் மேசைத் தட்டுகள் அப்போதுதான் திரும்பி வந்தன,
வழித்துத் துடைத்ததுபோல்.
மிக நன்றாக இருந்ததாம்,
குசினிக்குச் சொல்லச் சொன்னார்களாம்.