வழுவமைதி

பாடகன் மழையில் நனைய வேண்டும் என்பது முதல் விதி.
ரெட்ரூத்தில் அதற்குச் செலவே இல்லை என்றிருந்தோம்.
செப்டம்பரில் பிடித்த மழை
கல்லூரியிலிருந்து நாங்கள் கேமரா வாங்கிய
புதன்கிழமை பார்த்து நின்றது.
வெள்ளிக்குள் திருப்பித் தர வேண்டும்.
கையெழுத்து என்னுடையது.

பிரான் மாடிப் படியில் வாளியோடு நின்றான்.
கீழே ஜேகோ, தன் அப்பாவின் கோட்டில்.
தண்ணீர் மழையாக விழவில்லை;
தண்ணீராகத்தான் விழுந்தது.

மற்ற விதிகள் மஞ்சள் தாளில், என் அலமாரிக் கதவில்:
உதடு பாட்டோடு ஒட்ட வேண்டும்.
தாளம் விழும் இடத்தில் வெட்டு விழ வேண்டும்.
அடிக்கடி முகம், முகம், முகம்.
நியான் விளக்கு.
ஒரு பெண் எதையாவது விட்டு ஓட வேண்டும்.

நியானுக்குக் கபாப் கடைப் பலகை கிடைத்தது,
முதல் எழுத்து எரியாமல்.
ஓட வேண்டிய மொர்வென்னா
ஹாக்கியில் கணுக்கால் பிசகி வந்தாள்.
ஆகவே அவள் நின்றாள்,
கேம்போர்ன் பேருந்து ஓடியது.
யோசித்துச் செய்தது போல இருந்தது.
யோசித்ததாகவே பிறகு எழுதினோம்.

பாட்டு பிரானின் அண்ணனுடையது.
பிரிவைப் பற்றியது.
அவன் இதுவரை யாரையும் பிரிந்ததில்லை,
யாரும் வந்தால்தானே.

வியாழன் இரவு, சலவைக் கடை.
மெதுவாக நகரும் உலகத்தில்
உதடு மட்டும் சரியாகப் பாட வேண்டுமென்றால்
ஒரு தந்திரம் உண்டு:
பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விட்டு
அதற்கு வாயசைத்துப் படம்பிடித்து
பிறகு பாதியாக்குவது.

கொசு பாடுவது போல ஒலிபெருக்கி கத்த
ஜேகோ கோழி கொத்துவது போல வாயை அடித்தான்,
கண்களில் அத்தனை துயரத்தோடு.
பின்னால், ஏழாம் எண் இயந்திரத்தருகே,
கம்பளி காயக் காத்திருந்த பெண்மணிக்கு
அடக்க முடியவில்லை.
பேஸ்டி தொழிற்சாலைச் சீருடை,
தலையில் இன்னும் கழற்றாத வலைத்தொப்பி.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
மறுபடி எடுக்கலாம் என்றேன்.
பேட்டரி ஒத்துக்கொள்ளவில்லை.

வெள்ளி காலை, கணினி அறையில்,
பாதியாக்கினேன்.
ஜேகோவின் உதடு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.
அவன் பின்னால்
ஒரு தோள் எழுந்தது, மெல்ல.
கை வாய்க்குப் போகும் வழியில்
எதையோ மறந்தது போலத் தயங்கியது.
கண்கள் மூடின.
நாங்கள் மூவரும் பேசவில்லை.
மொர்வென்னா மட்டும்
வெயில்காலக் குளிருக்கென்று வைத்திருந்த
ஜெர்சியை மாட்டிக்கொண்டாள்.

அனுமதிப் படிவத்தோடு செவ்வாயன்று போனேன்.
டெனீஸ் ட்ரெம்பத், பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாள்.
கைபேசியில் பார்த்தாள்.
"நான் எப்ப அழுதேன்?"
விளக்கினேன். வேகமாக ஓட்டிக் காட்டினேன்.
சிரித்தாள், திரையிலும் வெளியிலும்.
மறுபடி மெதுவாகக் கேட்டாள்.
மறுபடி.
இயந்திரம் நின்று கதவு விளக்கு மினுக்கியது,
எழவில்லை.
"தொப்பியை மட்டும் எடுத்துடலாமா?"
முடியாது என்றேன்.
"சரி, இதையே வை.
கம்பளி சுருங்கினதுக்கு அழுறாள்னு
நினைச்சுட்டுப் போகட்டும்."

எங்கே மரபைப் பின்பற்றினீர்கள்,
எங்கே மாற்றினீர்கள்,
ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல் விளக்குக.
வாளி பற்றி எழுதினேன்.
பேருந்து பற்றி நூற்றிருபது சொற்கள்.
எரியாத எழுத்துக்குக்கூட ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

எழுதாதது ஒன்று.
அவள் கை வாயைத் தொடுவதற்குள்
டிரம் விழுந்துவிடுகிறது.
மற்ற எழுபத்தொரு வெட்டும் டிரம்மின் மேல்தான்.
இந்த ஒன்றைச் செதுக்கப் போனேன்,
கை பாதி வழியில் நின்றது.
செயல்நீக்கு.
மறுபடி செதுக்கினேன். செயல்நீக்கு.

மதிப்பெண் தாள் மே மாதம் வந்தது.
ஓரத்தில் பச்சை மையில் ஒரே ஒரு வரி:
2:14, வெட்டு அரை நொடி தாமதம்.

ஆமாம்.